இறக்கி வைக்க ஓர் இடம்

கருவிலேயே கலைந்துபோன குழந்தைக்காக அழலாமா? அந்தத் தாயிடம் என்ன பேசுவது, என்ன பேசாதிருப்பது? உடம்பும் உள்ளமும் தேறப் புராணங்களும் மருத்துவமும் காட்டும் வழி.

திருக்கருகாவூரில் அம்மன் சந்நிதி எப்போதும் பெண்களால் நிறைந்திருக்கும். மழலை வரம் வேண்டி, அம்பாள் திருவடியில் வைத்துத் தரப்படும் நெய்யைப் பெற வந்தவர்கள் ஒருபுறம். நிறைமாதத்தில் சுகப்பிரசவம் வேண்டி விளக்கெண்ணெய்ப் பிரசாதம் பெற வந்தவர்கள் மற்றொருபுறம். பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து நேர்த்திக்கடன் செலுத்துவோரின் மகிழ்ச்சி இன்னொருபுறம்.

இவர்களுக்கு நடுவே சில வேளைகளில் ஒரு பெண் தூணோரமாக நிற்பாள். சென்ற முறை வந்தபோது அவள் வயிற்றில் கரு இருந்தது. இன்று இல்லை. வேண்டிக்கொள்வதா, முறையிடுவதா, திரும்பிப் போய்விடுவதா என்று தெரியாமல் அவள் நிற்கிறாள். "கரு காத்த நாயகி என்று பெயர் வைத்திருக்கிறாயே, என் கருவை ஏன் காக்கவில்லை?" என்ற கேள்வி நெஞ்சில் எழுகிறது. எழுந்த மறுகணமே, அப்படிக் கேட்டதற்காக அவளே அஞ்சிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

அந்தப் பெண்ணுக்காகவும், அவளோடு வாழும் குடும்பத்துக்காகவும் எழுதப்படுவது இக்கட்டுரை.

வேதிகை செய்த பிழை என்ன?

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், பாபநாசம் வட்டத்தில், வெட்டாற்றின் கரையில் உள்ளது திருக்கருகாவூர். சம்பந்தராலும் அப்பராலும் பாடப்பெற்ற தலம். இறைவன் முல்லைவனநாதர், புற்று மண்ணாலான சுயம்பு மூர்த்தி. ஆதலால் லிங்கத் திருமேனிக்கு நீரால் அபிஷேகம் இல்லை. புனுகுச் சட்டமே சாத்தப்படுகிறது. அம்பாள் கர்ப்பரட்சாம்பிகை. கரு காத்த நாயகி என்பது தமிழ்த் திருநாமம்.

தல வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். முல்லை வனத்தில் நித்துருவ முனிவரும் அவர் மனைவி வேதிகையும் வாழ்ந்தனர். நெடுநாள் வழிபாட்டுக்குப் பின் வேதிகை கருவுற்றாள். ஒருநாள் கணவர் வெளியே சென்றிருந்த நேரத்தில், கர்ப்பத்தின் களைப்பால் அவள் சோர்ந்து கிடந்தாள். அப்போது ஊர்த்துவபாத முனிவர் வாசலில் வந்து பிட்சை கேட்டார். எழுந்து சென்று உபசரிக்க அவளுக்கு இயலவில்லை. தம்மை அலட்சியம் செய்ததாக எண்ணிய முனிவர் சினந்து சபித்தார். அவள் கரு நலிந்து கலைந்தது. கதறிய வேதிகைக்கு அன்னை காட்சி தந்து, கலைந்த கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, உரிய காலத்தில் நைத்துருவன் என்ற குழந்தையாக அளித்தாள். தாய்க்குப் பால் இல்லாதபோது காமதேனு பால் சொரிந்தது. கோயிலின் எதிரே உள்ள க்ஷீர குண்டம் அதனால் உண்டானது என்பர்.

இக்கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் ஒன்றை மட்டும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். வேதிகை எந்தப் பிழையும் செய்யவில்லை. அவள் களைத்திருந்தாள், அவ்வளவுதான். அவள்மீது குற்றம் கண்டவர் வாசலில் நின்ற முனிவர். அன்னையோ அவளிடம் விசாரணை நடத்தவில்லை. "நீ ஏன் எழுந்து வரவில்லை?" என்று கேட்கவில்லை. "என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், யார் மனத்தை நோகடித்தாய்?" என்றும் கேட்கவில்லை. அழுதவளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

கருக்கலைந்த ஒரு பெண்ணைப் பார்த்து நம் வீட்டில் யாரேனும் குற்றம் சொல்லும்போது, அந்த நாவு யாருடைய இடத்தில் நின்று பேசுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அம்பாளின் இடம் அதுவன்று.

"என்னால்தானோ?"

பிறர் குற்றம் சொல்லாவிட்டாலும் அவளே தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வாள். மாடிப்படி ஏறியதாலா? பேருந்தில் குலுங்கியதாலா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதாலா? பழுத்த பப்பாளியில் ஒரு துண்டு தின்றதாலா? கிரகண நேரத்தில் தெரியாமல் வாசலுக்கு வந்ததாலா? அன்று மாமியாரோடு வாக்குவாதம் செய்து அழுததாலா? இரவெல்லாம் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

மருத்துவம் தெளிவாகச் சொல்லும் விடை, இவற்றுள் எதுவும் காரணமன்று என்பதே. கருவுற்றிருப்பதை அறிந்த பெண்களில் 100-க்கு 10 முதல் 15 பேர் வரை கருச்சிதைவுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றுள் பெரும்பான்மை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை. அவ்வாறு தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவான கணத்திலேயே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேர்ந்துவிட்ட பிழை. அந்தக் கரு முழுக் குழந்தையாக வளர இயலாத நிலையிலேயே தொடங்கியிருக்கிறது. தாய் படுத்தே கிடந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. வயது ஏற ஏற இத்தகைய பிழைகள் மிகுவதால், 40 வயதை ஒட்டிக் கருவுறுவோருக்குக் கருச்சிதைவு இன்னும் அதிகம் நேர்கிறது.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், தைராய்டுக் குறைபாடு, கருப்பையின் அமைப்பு, சில நோய்த்தொற்றுகள், புகை, மது ஆகியவையும் காரணமாவதுண்டு. அவை மருத்துவரிடம் பேசிச் சீர்செய்துகொள்ள வேண்டியவை. குற்றப் பத்திரிகையாக ஏந்திக்கொண்டு அழ வேண்டியவை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் "அபார்ஷன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "நானாகவா கலைத்தேன்?" என்று துடித்துப்போகும் பெண்கள் உண்டு. தானே கலைவதற்கும் கலைக்கப்படுவதற்கும் மருத்துவ ஏடுகளில் அந்த ஒரே சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது பழிச்சொல் அன்று, பழைய கலைச்சொல். வீட்டில் அதைப் படிப்பவர்கள் அவளுக்கு இதை எடுத்துச் சொன்னால், ஒரு முள்ளையாவது அகற்றியவர் ஆவர்.

உடம்பு தேறட்டும்

பிரசவம் ஆனவளுக்குப் பத்தியம், எண்ணெய்க் குளியல், தாய்வீட்டு ஓய்வு என்று நம் மரபு எத்தனையோ வகுத்து வைத்திருக்கிறது. கருக்கலைந்தவளோ பல வீடுகளில் மூன்றாம் நாளே அடுப்படியில் நிற்கிறாள். வெளியே சொல்லாத செய்தி என்பதால் ஓய்வையும் கேட்டுப் பெற முடிவதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, கரு முழுவதும் வெளியேறிவிட்டதா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்வது. சிலருக்குத் தானாகவே வெளியேறிவிடும். சிலருக்கு மாத்திரை தேவைப்படும். சிலருக்குக் கருப்பையைச் சுத்தம் செய்யும் சிறிய சிகிச்சை தேவைப்படும். மூன்றுமே வழக்கமான முறைகள்தாம். எது பொருந்தும் என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். வீட்டு மருந்தையோ, கடையில் தாமாக வாங்கும் மாத்திரையையோ நம்பி இருந்துவிடக் கூடாது.

தாயின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அடுத்த கருவைக் காப்பதற்காக 'ஆன்டி-டி' என்னும் ஊசி தேவைப்படலாம். தேவைப்பட்டால் அதைப் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இரத்தப்போக்கு மெல்லக் குறைந்து, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் நின்றுவிடுவது இயல்பு. மாதவிலக்கு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்பும். ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மணிக்கு இரண்டு நாப்கின்கள் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து முழுவதும் நனைதல், காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், துர்நாற்றமுள்ள கசிவு, தாங்க முடியாத வயிற்றுவலி, தலைசுற்றி மயங்கி விழுதல் ஆகியவை அவை. "விடிந்ததும் பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

இழந்த இரத்தத்தை ஈடுசெய்ய முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பேரீச்சை, பயறு வகைகள் உதவும். உடன் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு உடம்பில் சேரும். உணவோடு சேர்த்துக் காப்பியும் தேநீரும் அருந்தினால் அது குறையும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தந்திருந்தால் இடையில் நிறுத்தலாகாது.

கோயிலோடு வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிகாரம் என்று எண்ணி உடனே உபவாசம், அடிப்பிரதட்சிணம், நெடும்பயணம் என்று தொடங்கிவிட வேண்டாம். சோர்ந்த உடம்பை வருத்துவதை எந்த அன்னையும் கேட்கமாட்டாள். இரத்தப்போக்கு நிற்கும்வரை திருக்குளத்தில் மூழ்கி நீராடுவதும், தாம்பத்திய உறவும் வேண்டாம். நோய்த்தொற்றுக்கு அவை வழியாகலாம்.

நான்கு, ஐந்து மாதம் கடந்து கருவை இழந்தவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. குழந்தை இல்லை, பால் மட்டும் சுரந்து வரும். இதற்கு யாரும் அவளைத் தயார் செய்திருக்கமாட்டார்கள். இறுக்கமான, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை அணிவதும், குளிர்ந்த துணியை ஒற்றி எடுப்பதும் ஆறுதல் தரும். பாலைப் பிழிந்தெடுத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு நீளும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் அறிந்த வழக்கம். வளைகாப்பில் கூந்தலில் சூட வேண்டிய பூவை அந்த நாளில் மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை பெண்கள் ஓசையின்றி அழுதிருப்பார்கள்!

பணிக்குச் செல்லும் பெண்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மகப்பேறு பயன்கள் குறித்த சட்டம், தனக்கு உட்பட்ட பணியிடங்களில், கருச்சிதைவுக்கு மறுநாள் தொடங்கி ஆறு வாரங்கள் ஊதியத்துடன் விடுப்புப் பெறும் உரிமையைத் தருகிறது. மருத்துவச் சான்று காட்டினால் போதும். இது சலுகை அன்று, உரிமை. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

சடங்கில்லாத துக்கம்

ஒருவர் மறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். உறவு கூடும், ஒப்பாரி எழும், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று துக்கத்துக்கு ஒரு கால எல்லை இருக்கும். துக்கம் விசாரிக்க வருபவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வீட்டின் இழப்பு அங்கீகாரம் பெற்றுவிடுகிறது.

கருவில் கலைந்த உயிருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. பெயரில்லை, படமில்லை, திதியில்லை. கர்ப்பம் எத்தனை மாதமோ அத்தனை நாட்கள் அந்தத் தாய்க்குத் தீட்டு என்று மனுஸ்மிருதி கூறுகிறது. இதைத் தள்ளிவைத்தல் என்றே பலர் பொருள் கொண்டுவிட்டோம். நடந்தது ஒன்றுமில்லாத சங்கதி அன்று என்பதற்கும் அதுவே சான்று. ஒரு மாதக் கருவைக்கூடப் பழையவர்கள் கணக்கில் வைத்தார்கள். இன்று நாமோ, "இரண்டு மாதம்தானே!" என்று ஒரே சொல்லில் அதை அழித்துவிடுகிறோம்.

இரண்டு மாதம்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவள் பெயர் யோசித்துவிட்டாள். தை பிறந்தால் மடியில் பிள்ளை இருக்கும் என்று எண்ணிவிட்டாள். அலமாரியில் ஓரிடம் ஒதுக்கிவிட்டாள். அவள் இழந்தது சிறு கருவை மட்டுமா? அதனோடு கட்டி வைத்திருந்த ஒரு வாழ்நாளையே அன்றோ!

தேவகியின் ஆசை

வேதிகைக்குக் கரு திரும்பக் கிடைத்தது. திரும்பக் கிடைக்காதவர்களுக்குப் புராணம் என்ன சொல்கிறது? அதற்குத் தேவகியிடம் போக வேண்டும்.

தேவகியின் ஆறு பிள்ளைகளைக் கம்சன் கொன்றான். ஏழாவது கருவை யோகமாயை, கோகுலத்தில் இருந்த ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றினாள். அவனே பலராமன். இந்தத் தெய்வ ரகசியம் மதுரா நகரத்தாருக்குத் தெரியாது. தேவகியின் கர்ப்பம் கலைந்துவிட்டதே என்று ஊரே புலம்பியதாக ஸ்ரீமத் பாகவதம் சொல்கிறது. பகவானைப் பெறப்போகும் தாயைக்கூட, கரு கலைந்தவள் என்று ஊர் பேசிய ஒரு காலம் இருந்தது. கருச்சிதைவு பாவத்தின் அடையாளம் என்று எண்ணுவோர் இந்த இடத்தை ஒருமுறை படிக்கட்டும்.

கண்ணன் பிறந்தான், பிறந்த இரவே கைவிட்டுப் போனான். அவனுடைய மழலையையும் தளர்நடையையும் காணாத தேவகியின் ஏக்கத்தைக் குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகமாகவே பாடியிருக்கிறார். பிள்ளையைத் தாலாட்டக் கிடைக்காத தாயின் புலம்பலுக்குத் தமிழ்வேதத்தில் இடம் உண்டு. நம் வீடுகளில் இல்லாமல் போகலாமா?

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். பல்லாண்டுகள் கழிகின்றன. கம்சன் மாண்டுவிட்டான். கண்ணன் துவாரகையின் நாயகன். தேவகி பேரன் பேத்தி கண்ட பெருவாழ்வில் இருக்கிறாள். அந்த நிலையில், கண்ணனும் பலராமனும் தங்கள் குருவின் இறந்த மகனை மீட்டுத் தந்த செய்தி அவள் நெஞ்சில் உறுத்துகிறது. கண்ணீர் மல்க இரு புதல்வரிடமும் ஒன்றை வேண்டுகிறாள். கம்சனால் மடிந்த தன் ஆறு பிள்ளைகளையும் ஒருமுறை காண வேண்டும் என்கிறாள்.

கண்ணன் என்ன செய்தான்? குருக்ஷேத்திரப் போர்க்களத்தில் அர்ச்சுனனுக்கு, ஆன்மாவுக்கு அழிவில்லை என்று உபதேசித்தவன் அவன். அதைத் தன் தாயிடம் அவன் சொல்லவில்லை. "இத்தனை வருடமாகியும் இன்னுமா அம்மா?" என்று கேட்கவில்லை. "நாங்கள் இருவர் இருக்கிறோமே!" என்று சமாதானம் பேசவில்லை. அண்ணனும் தம்பியும் எழுந்து மகாபலி ஆளும் சுதல லோகம் சென்றார்கள். அந்த ஆறு பிள்ளைகளையும் அழைத்து வந்து தாயின் மடியில் விட்டார்கள். தேவகி அவர்களை அணைத்தாள், உச்சி முகர்ந்தாள், அவளுக்குப் பால் சுரந்தது, ஊட்டினாள். பிறகு அவர்கள் எல்லோரும் பார்த்திருக்கவே விண்ணுலகம் சென்றார்கள். அவள் அவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பார்த்தாள், அணைத்தாள், விடை கொடுத்தாள்.

துக்கம் ஆறுவதற்கு வேண்டிய முறையை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண முடியாது. முதலில், இழந்தது என் பிள்ளை என்று சொல்ல இடம் வேண்டும். அடுத்து, மனத்தால் ஒருமுறையேனும் அணைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே விடைகொடுத்தல்.

நாமும் நம்மால் இயன்ற அளவில் இதைச் செய்யலாம். கணவனும் மனைவியுமாக ஒரு மாலையில் பூஜையறையில் அகல் ஒன்றை ஏற்றி, அந்த உயிர் நற்கதி அடைய வேண்டிக்கொள்ளலாம். மனத்தில் வைத்திருந்த பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லலாம். கோயிலில் ஒருவேளை அன்னதானத்துக்கு உதவலாம். குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் பால் வாங்கித் தரலாம். கோயில் நந்தவனத்தில் ஒரு முல்லைக் கொடி நடலாம். இவை சாஸ்திரம் விதித்த கிரியைகள் அல்ல; செய்யாவிட்டால் தோஷமும் இல்லை. ஏதும் செய்ய வழியின்றித் தவிக்கும் கைகளுக்கு ஒரு வேலை. அவ்வளவே.

சாமியோடு கோபம்

கருவுற்ற நாள்முதல் அன்றாடம் சுலோகம் சொல்லி வந்த பெண், கரு கலைந்த பிறகு அந்தப் புத்தகத்தைத் தொட மனமின்றி இருப்பாள். விளக்கேற்றத் தோன்றாது. கோயில் மணியோசைகூட வலிக்கும். இதைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் கலங்க வேண்டாம். வற்புறுத்தவும் வேண்டாம்.

சுந்தரமூர்த்தி நாயனார் கண் பார்வை இழந்தபோது, ஈசனிடம் உரிமையோடு சண்டையிட்டார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்து, மறு கண்ணுக்காகத் திருவாரூர் வந்து நின்றபோதும் அவர் பாடியது பணிவான விண்ணப்பமன்று. மனம் கசந்த முறையீடு. அதை யாரும் அபசாரம் என்று ஒதுக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்துப் போற்றினார்கள். தாயிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கும் பிள்ளை, தாயை விட்டு விலகிய பிள்ளை ஆகாது. அவளுக்காக அவள் கணவனோ மாமியாரோ அந்த விளக்கை ஏற்றிவிட்டுப் போகட்டும். அவள் வரும்போது வருவாள்.

ஆனால் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. அழுகை, ஆத்திரம், உறக்கமின்மை, வெறுமை ஆகியவை தொடக்க வாரங்களில் இயல்பு. கருவைத் தாங்கிய ஹார்மோன்கள் சட்டென்று குறைவதும் இதற்கு ஒரு காரணம். இரண்டு வாரம் கடந்தும் உண்ணாமல், உறங்காமல், எதிலும் பற்றின்றி இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நான் இருந்து என்ன பயன்?" என்ற சொல் அவள் வாயில் ஒருமுறை வந்தாலும் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் எந்நேரமும் பேசலாம். மனநல மருத்துவரைக் காண்பது பக்திக் குறைவு ஆகாது. வைத்தியநாதனாக அமர்ந்திருப்பவனும் அந்த ஈசன்தானே!

வீட்டார் செய்யக் கூடியவை

ஆறுதல் என்று எண்ணிச் சொல்லும் சில சொற்கள் புண்ணில் உப்பாகின்றன. "விடும்மா, அடுத்தது தங்கும்." "எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ." "எனக்குக்கூட ரெண்டு போச்சு, நான் என்ன இடிஞ்சா போயிட்டேன்?" சொல்பவர் மனத்தில் அன்புதான் இருக்கிறது. கேட்பவளுக்கோ, "உன் துக்கத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்" என்று கேட்கிறது. அதற்குப் பதிலாக, "ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு. நான் இருக்கேன்" என்று சொல்லி, ஒரு டம்ளர் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

"எனக்கும் ரெண்டு போச்சு" என்று சொல்லும் அந்த மாமியாரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்காக அன்று யார் அழுதார்கள்? நாற்பது ஆண்டுகளாக உள்ளே இறுகிக் கிடப்பதுதான் கடுஞ்சொல்லாக வெளிவருகிறது. மருமகளும் மாமியாரும் ஒருநாள் சேர்ந்து அழுதால் இரண்டு தலைமுறைக் கண்ணீர் இறங்கும்.

கணவனையும் மறக்கலாகாது. மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் ஓடுகிறான். உறவினருக்குத் தகவல் சொல்கிறான். மறுநாள் வேலைக்குப் போகிறான். அவன் கண்ணீரை யாரும் விசாரிப்பதில்லை. அவன் அழாததைப் பார்த்து, அவனுக்கு வருத்தமே இல்லை என்று மனைவியும் எண்ணக்கூடும். "எனக்கும் வலிக்கிறது" என்று அவன் ஒருமுறை சொன்னால் இருவருக்கும் சுமை பாதியாகும்.

இன்னொரு வழக்கத்தைப் பெரியவர்கள் மனம் வைத்து மாற்ற வேண்டும். கரு கலைந்தவளை அடுத்த வீட்டு வளைகாப்புக்கும் சீமந்தத்துக்கும் அழைக்காமல் விடுவது, அழைத்தாலும் நலங்கு வைக்கக் கூப்பிடாதிருப்பது. அவள் கைபட்டால் ஆகாது என்று எந்தத் தெய்வம் சொன்னது? கரு கலைந்த வேதிகையின் முன்தானே கரு காத்த நாயகியே வந்து நின்றாள்! அழைப்பு எல்லோருக்கும் போவதுபோல் அவளுக்கும் போகட்டும். வருவதா வேண்டாமா என்பதை அவள் மனம் முடிவு செய்யட்டும். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாம்.

பிரசவத்துக்கென்று மருத்துவர் குறித்துத் தந்திருந்த தேதி ஒன்று உண்டு. அந்த நாள் வரும்போது வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது, அவளுக்கு இருக்கும். அன்று காலை கணவன், "இன்னைக்கு நாம கோயிலுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டால், தன்னோடு இன்னொருவரும் அந்தக் கணக்கை வைத்திருந்தார் என்று அவள் அறிந்துகொள்வாள்.

மீண்டும் ஒரு கரு

ஒருமுறை கரு கலைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். இது வெறும் ஆறுதல் மொழி அன்று, மருத்துவ அனுபவம். ஒரு மாதவிலக்கு வருவதற்கு முன்பேகூட மீண்டும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. எனவே எப்போது முயல்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யும்வரை கவனமாக இருப்பது நல்லது. அந்த முடிவில் உடம்பின் நிலையைப்போலவே அவள் மனத்தின் நிலைக்கும் இடம் வேண்டும். "அடுத்த விசேஷம் எப்போ?" என்று உறவினர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பன்று.

இரண்டு அல்லது மூன்று முறை தொடர்ந்து கலைந்தால் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, இரத்தம் உறைவதைப் பாதிக்கும் எதிர்ப்பொருள்கள், கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்கள் ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். அந்தப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும். ஜாதகத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம்.

சுமைதாங்கி

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இன்னமும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், பிறர் உதவியின்றி அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். பின் அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். கருவுற்ற நிலையில், பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நிறுவிய கல் அது. இறக்காத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்.

பிறவாத பிள்ளையின் துயரை ஊரறியக் கல்லாக நட்டு வைத்த மரபு நம்முடையது. அதை எப்போது மறைத்துப் பேசத் தொடங்கினோம் என்று தெரியவில்லை.

அடுத்த முறை திருக்கருகாவூருக்கோ, உங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கோ போகும்போது, தூணோரமாக நிற்கும் பெண்ணைக் கண்டால் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். உங்கள் வேண்டுதலின் முடிவில் அவளுக்காகவும் ஒரு கணம் கண் மூடுங்கள். அவள் உங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருந்தால், தரிசனம் முடிந்து பிராகாரத்தில் சிறிது நேரம் அவளோடு அமருங்கள். அவள் பேசினால் கேளுங்கள். அழுதால் தோளைக் கொடுங்கள். அவளுக்கு வேண்டிய சுமைதாங்கி, அந்த நேரத்தில் நீங்கள்தாம்.